மதுரையிலிருந்து வெளிநாடு போகிறவர்களுக்குக் கிரெடிட் கார்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கியில் என்ஆர்ஐ கணக்குகளைப் பார்க்கும் மேசையில் பல ஆண்டுகள் இருந்தேன். மேலூர், உசிலம்பட்டி, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கமிருந்து வெளிநாடு போகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் இன்றும் கேட்கிற கேள்விகள் இவை. வருமான வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை. விண்ணப்பம் போடும் முன் அந்தந்த வங்கியின் சொந்தத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மதுரையில் இருந்துகொண்டே சிங்கப்பூர் அல்லது துபாய் வங்கியின் கிரெடிட் கார்டு வாங்க முடியுமா?

சாதாரண வழியில் முடியாது. பணம் இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பிரச்சினையே இல்லை. கிரெடிட் கார்டு என்பது அடமானம் இல்லாத கடன். நம் தெரு மளிகைக் கடைக்காரர் யாருக்குப் பற்று எழுதுகிறார்? வீடு தெரிந்தவருக்கு, மாதச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவருக்கு. வெளிநாட்டு வங்கியும் அதைத்தான் பார்க்கிறது. அந்த நாட்டில் உங்களுக்கு ஒரு முகவரி, ஓர் அடையாள அட்டை, அங்கேயே வரும் சம்பளம், அந்த நாட்டுக் கடன் தகவல் நிறுவனத்தில் உங்கள் பெயரில் ஒரு பதிவு. இந்த நான்கில் ஒன்றுகூட இல்லாதவருக்குக் கடன் கொடுத்தால் எப்படித் திரும்ப வாங்குவது என்பதுதான் அவர்கள் கவலை.

அதனால் 'எந்த வங்கி கொடுக்கும்' என்று தேடுவதைவிட, இந்த நான்கையும் எந்த வரிசையில் சேர்ப்பது என்று யோசித்தால் வேலை சீக்கிரம் முடியும். முதலில் அடையாள அட்டை, அடுத்து சம்பளக் கணக்கு, அதில் சில மாதச் சம்பளம், அப்புறம் கார்டு. இன்னொன்று: இந்தியாவில் குடியிருப்பவர் வெளிநாட்டில் கடன் வாங்குவதற்கு ஃபெமா என்ற நம் அந்நியச் செலாவணிச் சட்டத்தில் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கார்டை வாங்கி இங்கேயே தேய்க்கலாம் என்ற எண்ணம் அந்தப் பக்கமும் இடிக்கும்.

ஒரு ஏஜென்ட் 25,000 ரூபாய் கொடுத்தால் வெளிநாட்டு கார்டு எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். எந்த வங்கியும் விண்ணப்பிக்க முன்பணம் கேட்காது. ஆண்டுக் கட்டணம் இருந்தால் அது கார்டு வந்த பிறகு ஸ்டேட்மென்டில் வரும்.

இப்படித் தருகிறவர்கள் பெரும்பாலும் கையில் கொடுப்பது ப்ரீபெய்டு கார்டு. நீங்கள் போட்ட பணத்தையே நீங்கள் செலவழிப்பீர்கள். கடன் வரலாறு எதுவும் சேராது. இதில் போவது பணம் மட்டும்தான். இதைவிட ஆபத்தானது, பாஸ்போர்ட் நகல், பான் கார்டு நகல், கையெழுத்துப் போட்ட வெற்றுக் காகிதம் என்று வாங்கிக்கொண்டு போவது. அதை வைத்து உங்கள் பெயரில் வேறொருவர் கடன் எடுத்தால், அது உங்களுக்குத் தெரிய வரும்போது விமான நிலையத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள். நகல் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தது என்று நகலின் மேலேயே குறுக்காக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

விசிட் விசாவில் போய் வாங்கிவிட்டு வரலாமா?

முடியாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் சில வங்கிகள் குடியிருப்பு அனுமதி இல்லாதவருக்கும் சேமிப்புக் கணக்கு திறக்கும். அதற்கு டெபிட் கார்டுதான் வரும்.

எஃப்டி போட்டால்?

இது நேர்மையான வழி. வங்கியில் ஒரு தொகையை வைப்பாகப் போட்டு, அதை ஈடாகப் பிடித்துக்கொண்டு கார்டு கொடுப்பார்கள். சிங்கப்பூரில் ஆண்டு வருமானம் 30,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கீழே இருப்பவருக்கு 10,000 வெள்ளி வைப்பு போட்டு வாங்கும் கார்டு உண்டு. அமெரிக்காவில் 200 டாலர் வைப்பிலேயே ஆரம்பிக்கலாம். ஆனால் இதற்கும் பெரும்பாலான வங்கிகள் அந்த நாட்டு முகவரியும் அடையாளமும் கேட்கும். குடியிருப்பே இல்லாதவருக்கு வைப்பின் பேரில் கார்டு கொடுக்கும் வங்கிகள் உண்டு. அவை பெரும் பணக்காரர்களுக்கான சேவை. நம்மில் பலருக்கு அது பொருந்தாது.

இந்தியாவில் குடியிருந்துகொண்டு வெளிநாட்டில் வைப்பு போடுகிறவர் இரண்டை மறக்கக் கூடாது. பணம் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டம்) போக வேண்டும். ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 2,50,000 டாலர் வரைதான். வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் 2015-ஆம் ஆண்டு கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் இருக்கிறது. அசையாச் சொத்து தவிர்த்த மற்றவற்றின் மொத்த மதிப்பு 20 லட்சம் வரை இருந்தால் 2024 அக்டோபர் முதல் அந்த அபராதம் கிடையாது. ஆனாலும் காட்டுவது கட்டாயம்தான்.

சிங்கப்பூரில் பெர்மிட்டில் இருக்கிறேன். எனக்குக் கார்டு கிடைக்குமா?

ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் தம்பிகள் அதிகம் கேட்கும் கேள்வி இது. நேரடியாகச் சொல்கிறேன்: ஈடில்லாத கார்டு கிடைப்பது மிகக் கடினம். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி 55 வயதுக்கு உட்பட்டவருக்கு ஆண்டு வருமானம் குறைந்தது 30,000 வெள்ளி இருக்க வேண்டும். அது சட்டம் போட்ட தரை. வெளிநாட்டவருக்கு வங்கிகள் தாங்களாகவே அதற்கு மேல் வைத்துக்கொள்கின்றன. 45,000, 60,000 என்றெல்லாம் பார்க்கலாம்.

எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) வைத்திருப்பவர்கள் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். 2025 செப்டம்பர் முதல் புதிய எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 3,300 வெள்ளி. ஆண்டுக்கு 39,600 ஆகிறது. ஆணையத்தின் தரையைத் தாண்டிவிட்டது, ஆனால் 45,000 கேட்கும் வங்கியில் இடிக்கும். இந்த நிலையில் நான்கு வங்கிகளுக்கு ஒரே வாரத்தில் விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் கடன் அறிக்கையில் பதிவாகும்; அடுத்தடுத்துப் பதிவுகள் இருந்தால் 'இவருக்குப் பண நெருக்கடி' என்று ஐந்தாவது வங்கி நினைக்கும். சம்பளம் ஏறும் கணக்கு எந்த வங்கியில் இருக்கிறதோ அங்கே முதலில் கேளுங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸ் (உயர் சம்பள வேலைக்கான அனுமதி) வைத்திருப்பவருக்கு, அதிலும் பாஸ் காலாவதிக்கு இன்னும் நிறைய மாதம் இருப்பவருக்கு, பெரும்பாலும் சிக்கல் இல்லை.

பெர்மிட் தம்பிகளுக்கு என் கருத்து: கார்டு இல்லையே என்று வருந்த வேண்டாம். ஊரில் வீடு கட்டும் கடன், தங்கையின் கல்யாணக் கடன் என்று ஏற்கெனவே சுமந்துகொண்டு போகிறவர்களுக்கு இன்னொரு கடன் வாசல் திறக்காமல் இருப்பது நல்லதே. அங்கே அன்றாடச் செலவுக்கு டெபிட் கார்டும், போனிலேயே பணம் அனுப்பும் பேநவ்வும் தாராளமாகப் போதும்.

துபாயில் 6,000 திர்ஹம் சம்பளம். வங்கிக்காரர்களே போன் செய்து கார்டு தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?

வளைகுடாவில் நிலைமை தலைகீழ். சிங்கப்பூரில் நாம் வங்கியைத் தேடுகிறோம். அங்கே விற்பனை ஆட்கள் நம்மைத் தேடி வருவார்கள். மாதம் 5,000 திர்ஹம் சம்பளம் என்பது பல வங்கிகளின் ஆரம்பக் கோடு. எமிரேட்ஸ் ஐடி, சம்பளச் சான்றிதழ், சில மாத வங்கி ஸ்டேட்மென்ட் இருந்தால் போதும். நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனி அந்த வங்கியின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

வாங்கலாம். ஆனால் ஒன்று மட்டும். அந்த நாட்டு மத்திய வங்கி, ஒருவரின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறது. அந்தப் பாதி என்பது வங்கியின் எல்லை. மதுரையில் அப்பா அம்மாவுக்கு மாதம் பணம் அனுப்புகிறவருடைய எல்லை அதைவிட மிகக் கீழே இருக்க வேண்டும். லிமிட் 20,000 திர்ஹம் என்று வந்தால் போன் செய்து ஐயாயிரமாகக் குறைத்துக் கேளுங்கள், குறைத்துத் தருவார்கள்.

கையெழுத்துப் போட்ட செக் ஒன்றை உத்தரவாதமாகக் கேட்டால், அந்தச் செக்கைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடன் தீர்ந்ததும் எழுத்தில் கேட்டு அதைத் திரும்ப வாங்க வேண்டும். 2022 முதல் செக் திரும்பினாலே குற்ற வழக்கு என்ற நிலை பெரிதும் தளர்ந்திருக்கிறது. ஆனாலும் நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்ற வல்ல ஆவணம் அது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வேலை போனால் கடைசியாக வர வேண்டிய சம்பளம், பணிக்கொடை எல்லாம் அதே சம்பளக் கணக்கில்தான் விழும். கார்டு பாக்கி இருந்தால் வங்கி அந்தத் தொகையை அப்படியே நிறுத்தி வைத்துக்கொள்ளும். ஊருக்கு டிக்கெட் எடுக்கக்கூடப் பணம் கைக்கு வராது. அதனால் இரண்டு மாதச் செலவுக்கான பணம் வேறொரு வங்கியிலோ ஊரில் என்ஆர்இ கணக்கிலோ (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டு வைக்கும் ரூபாய்க் கணக்கு) இருக்கட்டும்.

மகள் அமெரிக்காவில் எம்எஸ் படிக்கப் போகிறாள். போனவுடன் கார்டு எடுக்கலாமா?

அங்கே சமூகப் பாதுகாப்பு எண் இருந்தால் எல்லாம் எளிது. ஆனால் மாணவ விசாவில் போகிறவருக்கு வேலை இருந்தால்தான் அந்த எண் கிடைக்கும். வளாகத்துக்குள்ளேயே நூலகத்திலோ கேன்டீனிலோ சின்ன வேலை கிடைத்தால் எண்ணும் கிடைத்துவிடும். அதுவரை பாஸ்போர்ட்டை வைத்தே மாணவர்களுக்குக் கார்டு தரும் சில நிறுவனங்களைப் பார்க்கலாம், அல்லது 200 டாலர் வைப்பு போட்டுப் பாதுகாப்புக் கார்டு எடுக்கலாம். 21 வயதுக்குக் கீழே இருந்தால் சொந்த வருமானம் காட்ட வேண்டும். இது 2009-இல் வந்த சட்டம். எம்எஸ் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த வயதைத் தாண்டியிருப்பார்கள்.

சித்தப்பாவோ அக்காவோ அங்கே இருந்தால், அவர்கள் கார்டில் மகளைக் கூடுதல் பயனராகச் சேர்க்கச் சொல்லுங்கள். அவர்கள் ஒழுங்காகக் கட்டுகிறவர்களாக இருந்தால் அந்த நல்ல பதிவு மகள் பெயரிலும் ஏறும். கட்டாதவர்களாக இருந்தால் கெட்டதும் ஏறும், அதையும் யோசித்துச் செய்யுங்கள்.

அங்கே கடன் வரலாற்றை வைத்துப் போடும் ஃபைகோ மதிப்பெண் 300 முதல் 850 வரை. கணக்கு திறந்து ஆறு மாதமாவது ஆகாமல் அது உருவாகவே உருவாகாது. அந்த மாதங்களில் மகள் செய்ய வேண்டியது: மளிகை, பஸ் பாஸ் போன்றவற்றுக்கு மட்டும் கார்டைப் பயன்படுத்தி, லிமிட்டில் 30 சதவீதத்துக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையையும் கட்டுவது. லிமிட் 200 டாலர் என்றால் 60 டாலர். படிப்பு முடிந்து வீடு வாடகைக்குப் பிடிக்கும்போது வீட்டுக்காரர் முதலில் கேட்பதே இந்த மதிப்பெண்ணைத்தான்.

லண்டன் போகிறவர்களுக்கு?

நம்மவர்கள் தவறவிடும் ஒரு வாய்ப்பு அங்கே இருக்கிறது. இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால், பிரிட்டனில் சட்டப்படி குடியிருக்கும் இந்தியர் அங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். மாணவரும் சேர்க்கலாம். கடன் தகவல் நிறுவனங்கள் ஒருவர் முகவரியைச் சரிபார்ப்பது அந்தப் பட்டியலை வைத்துத்தான். வீடு கிடைத்ததும் செய்ய வேண்டிய வேலைகளில் இது ஒன்று, செலவும் இல்லை.

முதல் கார்டுக்கு லிமிட் சிறியதாகவும் வட்டி அதிகமாகவும் இருக்கும். முழுத் தொகையைக் கட்டினால் வட்டி உங்களைத் தொடாது. அங்கே கிரெடிட் கார்டுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி, விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை உள்ள பொருளையோ சேவையையோ கார்டில் வாங்கி விற்றவர் ஏமாற்றினால், கார்டு கொடுத்த வங்கியும் பொறுப்பு. விமான டிக்கெட்டை டெபிட் கார்டில் எடுக்காமல் கிரெடிட் கார்டில் எடுக்க இது ஒன்றே போதும்.

மலேசியா?

ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட் வேண்டும். 36,000 ரிங்கிட் வரை வாங்குகிறவர் இரண்டு வங்கிகளின் கார்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது.

எனக்கு சிபில் (ஊர்க் கடன் வரலாற்றுக்கான மதிப்பெண்) 800-க்கு மேல் இருக்கிறது. அது அங்கே செல்லாதா?

செல்லாது. சிபில் நிறுவனத்தின் பெயரிலேயே டிரான்ஸ்யூனியன் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, அமெரிக்காவிலும் டிரான்ஸ்யூனியன் இருக்கிறது, ஆனாலும் பதிவு நாடு தாண்டிப் போகாது. ஒரு விதிவிலக்கு: அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2019-இல் நோவா கிரெடிட் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து, அமெரிக்கா வரும் இந்தியர்களின் ஊர்க் கடன் வரலாற்றைப் பார்த்து விண்ணப்பத்தை முடிவு செய்யும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதனால் போகும் முன் ஊரில் இருக்கும் நகைக்கடன், பைக் கடன் பாக்கியை ஒழுங்குபடுத்திவிட்டுப் போவது வீண் போகாது.

அங்கே கார்டு வரும்வரை எப்படிச் சமாளிப்பது?

ஊர்க் கார்டு ஒன்று, ஃபாரெக்ஸ் கார்டு (வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிக்கொள்ளும் கார்டு) ஒன்று, கொஞ்சம் ரொக்கம். மூன்றும் வேண்டும்.

ஊர்க் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைந்திருக்கும். 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்து வரும். விமானம் ஏறும் முன் வங்கி ஆப்பில் போய் அதைத் திறந்து, லிமிட்டும் வைத்துவிடுங்கள். ஓடிபி வருகிற சிம் வெளிநாட்டில் வேலை செய்யுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் பார்க்காமல் போய் அறை வாடகை கட்ட முடியாமல் நின்றவர்கள் நிறைய.

செலவு கணக்கு இப்படி: 3.5 சதவீத மார்க்கப் (நாணய மாற்றுக் கட்டணம்) உள்ள கார்டில் 50,000 ரூபாய்க்கு வாங்கினால் மார்க்கப் 1,750, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 315, ஆக 2,065 ரூபாய் கூடுதல். கடையில் மெஷினைக் காட்டி 'ரூபாயில் எடுக்கட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த நாட்டுப் பணத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள். ரூபாயில் மாற்றித் தரும் விலை எப்போதும் நமக்குப் பாதகமாகத்தான் இருக்கும்.

ஃபாரெக்ஸ் கார்டு மார்க்கப்பை மிச்சப்படுத்தும். அதில் ஏற்றும் பணமும் எல்ஆர்எஸ் கணக்கில்தான் சேரும். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் டிசிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். ஆனால் வாடகைக் கார் எடுக்கும் இடத்தில் பல நிறுவனங்கள் ஃபாரெக்ஸ் கார்டை வாங்காது. ஓட்டுபவர் பெயரில் கிரெடிட் கார்டு கேட்கும். ஹோட்டலிலும் முன்பணமாகத் தொகையை நிறுத்தி வைப்பார்கள். கிரெடிட் கார்டு என்றால் லிமிட்தான் நிற்கும், ஃபாரெக்ஸ் கார்டு என்றால் உங்கள் கைப்பணமே நிற்கும்.

மாதம் மினிமம் மட்டும் கட்டினால் போதும்தானே?

அபராதம் வராமல் இருக்க அது போதும். கடன் குறைய அது போதாது. 10,000 திர்ஹம் பாக்கி, மாத வட்டி 3.25 சதவீதம், மினிமம் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 500 திர்ஹம் கட்டுகிறீர்கள். அதில் 325 வட்டிக்குப் போய்விடும். அசலில் குறைவது 175 மட்டும். அதே மாதம் புதிதாக 200 திர்ஹம் செலவு செய்தால் கடன் ஏறியிருக்கிறது. வெயிலில் நின்று சம்பாதித்த பணம் இப்படிக் கரைவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறாது. முழுத் தொகையும் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும்படி வைத்துவிடுங்கள். அதற்குப் பணம் இல்லாத மாதத்தில் கார்டைப் பெட்டியில் வையுங்கள்.

கட்டாமல் ஊருக்கு வந்துவிட்டால் என்ன செய்துவிடுவார்கள்?

'மதுரை வரைக்குமா வரப்போகிறான்' என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வருவான். நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவில் சில நாடுகளை மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அந்த நாட்டு உயர்நிலை நீதிமன்றங்களின் பணத் தீர்ப்பை இங்கே மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றக் கேட்கலாம். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் முன்பே அதில் உண்டு. 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்துவிட்டது. வீடும் நிலமும் உங்கள் பெயரில் இருந்தால் விஷயம் அங்கே போய் நிற்கும்.

அதோடு, அமீரகத்தில் 10,000 திர்ஹமுக்கு மேற்பட்ட கடனுக்கு வங்கி பயணத் தடை கேட்க முடியும். பிறகு நல்ல வேலை ஒன்று கிடைத்து மறுபடி போகும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

கட்ட முடியாத நிலை வந்தால் ஓடாமல், வேலை போன கடிதத்தோடு வங்கிக்கு எழுதுங்கள். தவணையாக மாற்றித் தருவார்கள், வட்டியைக் குறைப்பதும் உண்டு. பேசி முடித்த எதுவானாலும் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்குங்கள். ஊரிலிருந்து மாதாமாதம் கட்டினாலும் வழக்கு வரை போகாமல் நிறுத்த முடியும்.

நிரந்தரமாகத் திரும்பும்போது கார்டை எப்படி மூடுவது?

விமானத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். தானாகப் பணம் பிடிக்கும் சந்தாக்களை முதலில் நிறுத்துங்கள். பாக்கியை முழுதாகக் கட்டி, மூடச் சொல்லி எழுதுங்கள். அடுத்த ஸ்டேட்மென்டில் சில்லறை வட்டி வந்து விழும், அதையும் கட்டுங்கள். அந்தச் சில்லறைதான் பின்னால் தாமதக் கட்டணம் சேர்ந்து பெரிதாகிறது. பாக்கி இல்லை என்ற கடிதத்தையும், கொடுத்திருந்தால் அந்தச் செக்கையும் கையில் வாங்குங்கள். உள்ளூர் சிம்மை இதெல்லாம் முடியும்வரை வெட்டாதீர்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். துபாயிலிருந்து வருகிறவர் அந்த நாட்டுக் கடன் தகவல் நிறுவனமான அல் எதிஹாத் கிரெடிட் பீரோவின் அறிக்கையை எடுத்து, மூடியது மூடியதாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வரலாம்.

நான் போன பிறகு ஊரில் உள்ள என் கார்டு?

வேலைக்காகப் போய் என்ஆர்ஐ ஆனதும் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (இந்தியாவில் குடியிருக்காதவருக்கான சாதாரண ரூபாய்க் கணக்கு) ஆக மாற்ற வேண்டும். கார்டு வங்கிக்கும் புதிய முகவரியைச் சொல்லுங்கள். என்ஆர்இ வைப்பின் பேரில் கார்டு தரும் இந்திய வங்கிகள் இருக்கின்றன; ஊரில் வீட்டாருக்குக் கூடுதல் கார்டு வேண்டுமென்றால் இதுதான் நல்லது. வெளிநாட்டு வங்கியின் கூடுதல் கார்டை அம்மாவிடம் கொடுத்து டவுன்ஹால் ரோட்டில் புடவை எடுக்கச் சொன்னால் ஒவ்வொரு முறையும் நாணய மாற்றுக் கட்டணம் போகும்.

வெளிநாட்டு மருமகள் எங்களோடு மதுரையில் ஆறு மாதம் தங்குகிறாள். அவளுக்கு இங்கே கார்டு கிடைக்குமா?

அதே விதிதான், திசை மட்டும் மாறுகிறது. இங்கே வருமானமும் பான் எண்ணும் இல்லாதவருக்கு நம் வங்கிகள் ஈடில்லாத கார்டு தராது. குறுகிய காலம் வருகிற வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி ஆறு மாதம் வரைக்கும் என்ஆர்ஓ கணக்கு வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. மாட்டுத்தாவணி ஆட்டோ, பூ, ஜிகர்தண்டா போன்ற சில்லறைச் செலவுக்கு, வெளிநாட்டுப் பயணிகளுக்காக 2023-இல் வந்த யுபிஐ ஒன் வேர்ல்டு வாலட் போதும். பாஸ்போர்ட்டும் விசாவும் காட்டிப் பணம் ஏற்றி, க்யூஆர் கோடைக் காட்டும் எந்தக் கடையிலும் கட்டலாம். பெரிய செலவுக்கு அவள் நாட்டுக் கார்டையே பயன்படுத்தட்டும், அந்த வங்கிக்கு இந்தியா வருவதை முன்பே சொல்லிவிட்டு.